பேனாவின் நிறம்

1990 பிப்ரவரி. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவா அதிபர் தேர்தலை எதிர்நோக்கி இருந்தது. பத்தாண்டுக்கும் மேலாக ஆட்சியில் இருந்த சாண்டினிஸ்டா கட்சியின் டேனியல் ஒர்டேகா ஒரு பக்கம். அவரை எதிர்த்துப் பல கட்சிகள் சேர்ந்து அமைத்த ஊனோ கூட்டணியின் வேட்பாளர் வயலெட்டா சமோரோ இன்னொரு பக்கம். உலக ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்ட கருத்துக்கணிப்புகள் ஒர்டேகாவே வெல்வார் என்றன. அந்தத் தேர்தலை ஒட்டி கேத்தரின் பிஷோப்பிங், ஹோவர்ட் ஷூமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். களப்பணியாளர்கள் சில நூறு பேரைச் சந்தித்து, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். மாறியது களப்பணியாளர் கையிலிருந்த பேனா மட்டும்.

ஒரு பேனா சாண்டினிஸ்டாக்களின் சிவப்பு, கறுப்பு நிறத்தில் ஒர்டேகாவின் பெயரைத் தாங்கியிருந்தது. இன்னொன்று ஊனோ கூட்டணியின் நீலம், வெள்ளை. மூன்றாவது பேனாவில் எந்தக் கட்சி அடையாளமும் இல்லை. ஊனோ பேனாவோடு போனவர்களிடம் சமோரோ முன்னிலை பெற்றார். சாண்டினிஸ்டா பேனாவோடு போனவர்களிடம் ஒர்டேகா முன்னிலை பெற்றார். அடையாளம் இல்லாத பேனாவிடமும் மக்கள் ஒர்டேகாவின் பெயரையே அதிகம் சொன்னார்கள். பிப்ரவரி 25 அன்று வாக்குகள் பதிவாயின. சமோரோவுக்கு ஏறத்தாழ 55 விழுக்காடு, ஒர்டேகாவுக்கு 41.

இந்த ஆய்வில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது மூன்றாவது பேனாதான். கட்சி அடையாளத்தைக் காட்டிக்கொண்டு வந்தவரிடம் மக்கள் அவருக்கு ஏற்றதைச் சொன்னார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். எந்தப் பக்கமும் சாராமல் வந்தவரையும் அவர்கள் நடுநிலையாளராக நினைக்கவில்லை. நீண்ட நாள் ஒரே கட்சி ஆண்ட ஊரில், கையில் காகிதத்தோடு வீட்டுக்கு வரும் முன்பின் தெரியாத ஆளை ஆட்சியின் ஆள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கேட்பவர் தம்மை யாரென்று நினைக்கிறார் என்பது முக்கியமில்லை. பதில் சொல்பவர் அவரை யாரென்று நினைக்கிறார் என்பதே பதிலைத் தீர்மானிக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜூன் 1 அன்று மாலை, மக்களவைத் தேர்தலின் ஏழாவது கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் கழிந்ததும் எல்லாத் தொலைக்காட்சிகளும் எக்ஸிட் போல் முடிவுகளை வெளியிட்டன. ஆக்சிஸ் மை இந்தியா நிறுவனம் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் என்றது. டுடேஸ் சாணக்யா 400 என்றது. ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் 350-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ சொல்லின. ஜூன் 3, திங்கட்கிழமை, சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டன. கூட்டணிக்கு 293 இடங்கள். தனிப் பெரும்பான்மைக்கு 272 தேவை, பாஜகவுக்குக் கிடைத்ததோ 240. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்தது. கணிப்பை நம்பித் திங்கட்கிழமை பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை மறக்காது.

இத்தனைக்கும் அந்தக் கணிப்புகள் சின்ன அளவில் எடுக்கப்பட்டவை அல்ல. ஆக்சிஸ் நிறுவனம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்ததாக அறிவித்திருந்தது. இவ்வளவு பேரைக் கேட்டும் எப்படித் தவறியது என்று பலரும் வியந்தார்கள். அந்த வியப்பிலேயே ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அதிகம் பேரைக் கேட்டால் உண்மைக்கு அருகில் போய்விடலாம் என்ற நம்பிக்கை அது.

புள்ளியியல் சொல்லும் கணக்கு இது. எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து, குலுக்கல் முறையில் 400 பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை உங்கள் விடை உண்மையிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகாது. 1,000 பேரைக் கேட்டால் 3 விழுக்காடு. 10,000 பேரைக் கேட்டால் 1 விழுக்காடு. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும். இதில் நாட்டின் மக்கள்தொகை கணக்கில் வருவதே இல்லை. தஞ்சாவூர் நகரத்துக்கு ஆயிரம் பேர் போதுமென்றால், இந்தியா முழுமைக்குமான மொத்த வாக்கு விகிதத்தை அறியவும் அதே ஆயிரம் பேர் போதும். நம்ப முடியவில்லை என்றால் இரத்தப் பரிசோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். மெலிந்தவரானாலும் பயில்வானானாலும் ஊசியில் எடுப்பது அதே சில மில்லிதான்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். 3 விழுக்காடு பிழை என்பது ஒரு கட்சியின் எண்ணுக்கு உரியது. ஒரு கட்சியை 3 கூட்டிக் காட்டும் மாதிரி பெரும்பாலும் எதிர்க்கட்சியை அதே அளவு குறைத்தும் காட்டும். ஆகவே இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் பிழை 6 வரை போகும். ஆயிரம் பேர் கணிப்பில் ஒரு கட்சி 4 விழுக்காடு முன்னிலை என்று செய்தி வந்தால், யார் முன்னால் என்பதே அதில் உறுதியில்லை.

நம் பழமொழி, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறது. மாதிரிக் கணிப்பின் தத்துவம் முழுவதும் அதில் இருப்பதாகச் சொல்வதுண்டு. சமையலுக்கு அது மிகச் சரி. ஆனால் கரண்டியை விட்டதும் எந்தப் பருக்கையும் "எனக்கு நேரமில்லை, அடுத்த பருக்கையைப் பாருங்கள்" என்று நழுவுவதில்லை. வேகாமலேயே வெந்துவிட்டேன் என்று சொல்வதில்லை. கரண்டி பிடித்திருப்பவர் எந்தக் கட்சியோ என்று அஞ்சுவதுமில்லை. மனிதர்கள் இதையெல்லாம் செய்வார்கள். நான் மேலே சொன்ன 5, 3, 1 என்ற பிழை வரம்புகள் பருக்கைகளுக்கு உரியவை. வாக்காளர்களிடம் போகும்போது அவற்றுக்கு மேல் இன்னொரு பிழை சேர்கிறது. அதை எந்தச் சூத்திரமும் முன்கூட்டிச் சொல்லாது.

அது எப்படி வேலை செய்கிறது என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் ஆயிரம் வாக்காளர்கள். ஆளுங்கட்சிக்கு 500, எதிர்க்கட்சிக்கு 500. சரிபாதி. ஆளுங்கட்சிக்காரர்களில் பத்து விழுக்காட்டினர் கணிப்பாளரிடம் பேசச் சம்மதிக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்களில் எட்டு விழுக்காட்டினர்தான் சம்மதிக்கிறார்கள். இரண்டு விழுக்காடுதான் வித்தியாசம், வாசலில் நிற்பவர் அதைக் கவனிக்கவே மாட்டார். அவருக்குக் கிடைக்கும் பதில்கள் 50-ம் 40-ம். விழுக்காட்டில் சொன்னால் 55.6, 44.4. சமநிலையில் இருக்கும் ஊரில் ஆளுங்கட்சி 11 விழுக்காடு முன்னிலை என்று அவர் எழுதுவார். இதையே நூறு மடங்கு பெரிதாக்கி ஒரு லட்சம் வாக்காளர்களிடம் போனாலும் கிடைப்பது அதே 55.6-தான். மாதிரி பெருகியது, தவறு அப்படியே இருந்தது. கூடுதலாக நேர்ந்தது ஒன்றுதான்: தவறின்மேல் நமக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

1936-இல் அமெரிக்காவில் நடந்தது இதுவே. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற புகழ்பெற்ற வார இதழ் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து முகவரிகள் எடுத்து ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் அதிகமான சீட்டுகள் திரும்பி வந்தன. இரண்டு முக்கிய வேட்பாளர்களுக்குள் பிரித்தால் ஆல்ஃபிரட் லாண்டனுக்கு 57, அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 43. தேர்தலில் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு வாங்கி, 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அதே ஆண்டு ஜார்ஜ் காலப் என்ற கணிப்பாளர் அதில் மிகச் சிறிய பங்கு மக்களைக் கேட்டு ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்றார். அவர் சொன்ன எண்ணிலும் சில விழுக்காடு பிழை இருந்தது, திசை சரியாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வார இதழ் நின்றுபோனது.

தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதியானவர்களைக் கேட்டதுதான் தவறு என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அது பாதிக் கதை. பெவரில் ஸ்குவயர் என்ற அரசியல் ஆய்வாளர் 1937-இல் காலப் எடுத்த ஒரு கணிப்பின் தரவுகளை எடுத்து 1988-இல் மறுபடி ஆராய்ந்தார். சீட்டுக் கிடைத்த அனைவரும் பதில் அனுப்பியிருந்தால், அந்த வசதியானவர்களின் பட்டியலே ரூஸ்வெல்ட் வெல்வார் என்று காட்டியிருக்கும் என்பது அவர் கண்டது. அனுப்பாமல் விட்டவர்கள்தான் முடிவைக் கவிழ்த்தார்கள். மாற்றம் வேண்டும் என்று கொதித்தவர் சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பினார். இருப்பதே போதும் என்றிருந்தவர் சீட்டை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்.

எண்பது ஆண்டுகள் கழித்து இதே நோய்க்கு ஹார்வர்டு புள்ளியியல் பேராசிரியர் சியாவ்-லி மெங் ஓர் அளவுகோல் கொடுத்தார். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலின் கணிப்புகள் அனைத்தையும் சேர்த்தால் வாக்காளர்களில் ஒரு விழுக்காட்டினர், அதாவது சுமார் 23 லட்சம் பேர், பதில் சொன்னதாகக் கொள்ளலாம். யார் பதில் சொல்கிறார் என்பதற்கும் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதற்கும் இடையே இருந்த தொடர்பு மிகமிக மெலிது, ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே. அந்த மெல்லிய தொடர்பே போதுமானதாக இருந்தது. அந்த 23 லட்சம் பதில்களின் மதிப்பு, ஒழுங்காகக் குலுக்கித் தேர்ந்த 400 பேரின் பதில்களுக்குச் சமம் என்று அவர் 2018-இல் நிறுவினார். எனக்குத் தெரிந்த அறிவியல் முடிவுகளில் மனத்தை இப்படி உலுக்கியவை சிலவே.

பேச மறுப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தன் தொலைபேசிக் கணிப்புகளில் 1997-இல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னதாகக் கணக்கிட்டது. 2018-இல் அது 6 பேராகக் குறைந்தது. மற்ற 94 பேர் எப்படிப்பட்டவர்கள் என்பதை அந்த 6 பேரை வைத்து ஊகிப்பதே இன்றைய கணிப்புத் தொழில். வயது, பாலினம், கல்வி, சாதி, ஊர் என்று பார்த்து, மாதிரியில் குறைவாக வந்த பிரிவினரின் பதிலுக்கு எடை கூட்டுகிறார்கள். பெண்கள் பாதிப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது விழுக்காடுதான் வந்தார்கள் என்றால், ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் ஒன்றரைக்கும் அதிகமாக எண்ணுகிறார்கள். இது பயனுள்ள மருந்துதான். ஆனால் வாய் திறந்த பெண்ணும் திறக்காத பெண்ணும் ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டால்தான் அது வேலை செய்யும். எடை போட நம்பகமான படிக்கல்லும் வேண்டும். இந்தியாவில் கடைசியாக நடந்து முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் எடுத்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. 2024-இல் கணிப்பு எடுத்தவர்கள் பதின்மூன்று ஆண்டுப் பழைய படிக்கல்லை வைத்தே நிறுத்தார்கள்.

மாதிரிக் கணக்கெடுப்பில் உலகுக்கே வழிகாட்டிய நாடு இது என்பதால் எனக்கு இதில் ஆதங்கம் அதிகம். 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி. சி. மகலனோபிஸ் வங்காளத்தின் சணல் பரப்பையும் விளைச்சலையும் மாதிரி முறையில் அளந்து காட்டினார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறக்க அவரே காரணம். வயலில் சிறிய வட்டம் போட்டு அறுவடை செய்து பார்த்தால் விளைச்சல் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிகிறது என்பதையும் அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டார்கள். கோட்டின்மேல் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்து அறுப்பது மனிதக் கையின் இயல்பு. வட்டம் சிறிதானால் உள்ளிருக்கும் பயிரோடு ஒப்பிடும்போது ஓரத்துப் பயிரின் பங்கு கூடும். வாயில்லாத பயிரிடமே அளப்பவரின் கை இவ்வளவு விளையாடுமென்றால், வாக்காளரிடம் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

அந்த எச்சரிக்கையோடு வேலை செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டெல்லியில் இயங்கும் சிஎஸ்டிஎஸ் அமைப்பின் லோக்நீதி பிரிவு வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களை எடுத்து, அந்த ஆளையே தேடிப் போகிறது. தெருமுனையில் யார் அகப்படுகிறாரோ அவரைக் கேட்பதில்லை. யாருக்கு வாக்கு என்ற கேள்வி வரும்போது சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். வாய்விட்டுச் சொல்ல அஞ்சுபவருக்கு அந்தச் சீட்டு ஒரு திரை. பேனாவின் நிறம் பதிலை மாற்றாமல் இருக்க எடுக்கும் முயற்சி அது. 2024 தேர்தலுக்கு முன் ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் அவர்கள் எடுத்த கணிப்பில், 27 விழுக்காட்டினர் வேலையின்மையும் 23 விழுக்காட்டினர் விலைவாசியுமே முக்கியப் பிரச்சினை என்றார்கள். ஆளும் கூட்டணி 12 விழுக்காடு முன்னிலையில் இருப்பதாகவும் அதே கணிப்பு காட்டியது. முன்னிலை எண் பிசகியது. மக்கள் மனத்தில் என்ன கனன்றுகொண்டிருந்தது என்பது பிசகவில்லை. என்னைக் கேட்டால், கருத்துக்கணிப்பின் உண்மையான பயன் இரண்டாவதில்தான் இருக்கிறது.

வாக்கு விகிதத்தைச் சரியாகவே அளந்துவிட்டாலும் அதை இடங்களாக மாற்றுவது தனிச் சிக்கல். அதிக வாக்கு வாங்கியவர் தொகுதியை முழுதாக எடுத்துக்கொள்ளும் நம் முறையில் இந்த இரண்டுக்கும் நேரான உறவு கிடையாது. 2014-இல் தமிழ்நாட்டில் அதிமுக சுமார் 44 விழுக்காடு வாங்கி 39-இல் 37 தொகுதிகளை அள்ளியது. சுமார் 24 விழுக்காடு வாங்கிய திமுகவுக்கு ஒன்றும் இல்லை. அதே ஆண்டு நாடு முழுவதும் சேர்த்து வாக்குகளில் மூன்றாம் இடம் பிடித்த பகுஜன் சமாஜ் கட்சிக்கும் மக்களவையில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. 2024-ஐப் பாருங்கள். பாஜகவின் வாக்கு 2019-இல் இருந்த 37.4 விழுக்காட்டிலிருந்து 36.6-க்குத்தான் இறங்கியது. ஒரு விழுக்காடுகூட இல்லை. இடங்களோ 303-இலிருந்து 240 ஆயின. உத்தரப் பிரதேசத்தில் அக்கட்சியின் வாக்கு 50-இலிருந்து 41-க்குச் சரிந்து, 62 இடங்கள் 33 ஆயின. தமிழ்நாட்டில் வாக்கு 11 விழுக்காடாக உயர்ந்தும் இடம் எதுவும் வரவில்லை. எங்கே இழந்தார்கள், எங்கே பெற்றார்கள் என்பதே கணக்கை முடித்தது. தேசிய அளவில் ஒரு விழுக்காட்டைத் துல்லியமாகப் பிடிக்கும் கணிப்பு எதுவும் உலகில் இல்லை. 2016 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் பெரும்பாலான எக்ஸிட் போல்கள் திமுக அணி வெல்லும் என்று சொல்லி, அதிமுக 134 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டதற்கும் இதுவே காரணம். இரண்டு அணிகளுக்கும் இடையே அப்போது இருந்த வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு.

ஆட்சியின் செல்வாக்கை அளக்கும் கணிப்புகள் வேறு வகை. அதிபர் தம் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, இல்லையா என்ற ஒரே கேள்வியைக் காலப் நிறுவனம் 1930-களின் பிற்பகுதியிலிருந்து கேட்டு வந்தது. ஹாரி ட்ரூமனை ஏற்றவர்கள் 1945-இல் 87 விழுக்காடு, 1952-இல் 22. இளைய ஜார்ஜ் புஷ்ஷை ஏற்றவர்கள் 2001 செப்டம்பர் 11-க்குச் சற்று முன்பு 51, அதே மாத இறுதிக்குள் 90. ஆபத்து வரும்போது மக்கள் தலைவரைச் சுற்றித் திரள்வதை அரசியல் ஆய்வாளர் ஜான் முல்லர் 1970-இலேயே எழுதியிருந்தார். திரண்ட கூட்டம் கலையவும் செய்யும். மூத்த புஷ் 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது 89 விழுக்காட்டில் இருந்தார். மறு ஆண்டே தேர்தலில் தோற்றார்.

மார்னிங் கன்சல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பட்டியலில் பிரதமர் மோடியை ஏற்பவர்கள் 70 விழுக்காட்டுக்கு மேல் என்று செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அவருடைய கட்சி 2024-இல் வாங்கியது 36.6. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தலைவரை ஏற்கிறீர்களா என்பதற்கு ஆம் சொல்ல எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வாக்களிக்கும்போது ஒருவரை எடுத்தால் மற்றவர்களை விட வேண்டும். மேலும் அந்தக் கணிப்பு இணையம் வழியாக நடப்பது. இந்தியாவில் அது எழுத்தறிவு பெற்றவர்களை மட்டுமே பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. தலைப்புச் செய்தியில் அந்த வரி வருவதில்லை.

பதில் சொல்லாதவர்களால் வரும் பிழைக்கு அப்பால், கணிப்பாளர்களாலேயே வரும் பிழை ஒன்றும் உண்டு. 2019 ஆஸ்திரேலியத் தேர்தல் பிரச்சாரக் காலத்தில் வந்த 16 கணிப்புகளும் தொழிற்கட்சிக்கு 51 அல்லது 52 விழுக்காடு என்றே காட்டின. வென்றதோ ஆளும் கூட்டணி, 51.5 விழுக்காட்டோடு. இயற்பியலுக்கு நோபல் பெற்ற பிரையன் ஷ்மிட் அந்தக் கணிப்புகளை வேறு கோணத்தில் பார்த்தார். அவை தவறியதில் அவருக்கு வியப்பில்லை, அத்தனையும் ஒன்றுபோல் இருந்ததில்தான் வியப்பு. ஆயிரம், இரண்டாயிரம் பேரைக் கேட்கும் கணிப்புகள் தமக்குள் சிதறித்தான் இருக்க வேண்டும். 16-ம் இவ்வளவு நெருக்கமாக அமைய வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அவர் கணக்கிட்டார். தன் எண் மற்றவர்களின் எண்ணிலிருந்து விலகினால் அஞ்சி, எடையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைத் துறையினர் மந்தைத்தனம் என்கிறார்கள். தனியாகத் தவறுவதற்கு அஞ்சுவோர் கூட்டமாகத் தவறுகிறார்கள்.

2024 ஜூன் 1 அன்று நம் திரைகளில் தோன்றிய ஒற்றுமை எப்படி வந்தது? பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மூலத் தரவுகளை வெளியிடாததால் வெளியாள் எவரும் இதைச் சோதிக்க முடியாது. பிரிட்டனில் 2015 தேர்தல் கணிப்புகள் ஒட்டுமொத்தமாகத் தவறியபோது, பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் சுயேச்சையான விசாரணை நடந்தது. நிறுவனங்கள் தரவுகளைக் கொடுத்தன. மாதிரிகள் வாக்காளர்களைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்று மறு ஆண்டு அறிக்கை வந்தது. அங்குள்ள கணிப்பாளர் மன்றத்தின் உறுப்பினர்கள், கணிப்பு வெளியான இரண்டு வேலை நாட்களுக்குள் முழு அட்டவணைகளையும் பொதுவெளியில் வைக்க வேண்டும்.

நம்மிடம் இருப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு. வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல் வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. எப்போது வெளியிடக் கூடாது என்று சொல்லும் அந்தப் பிரிவு, எதையெல்லாம் சேர்த்து வெளியிட வேண்டும் என்று சொல்லவில்லை. தேர்தல் ஆணையமும் நாடாளுமன்றமும் அதைச் சேர்க்க வேண்டும்: எத்தனை பேரை அணுகினார்கள், எத்தனை பேர் பேச மறுத்தார்கள், வாய்மொழியாகக் கேட்டார்களா சீட்டு கொடுத்தார்களா, எந்த ஆண்டுக் கணக்கை வைத்து எடை போட்டார்கள், செலவை யார் ஏற்றார்கள். அதுவரை இந்தக் கேள்விகளை நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை ஐந்து லட்சம் பேரைச் சந்தித்தோம் என்று திரையில் பெருமையாக எழுத்து ஓடும்போது, பேசாமல் போனவர்கள் எத்தனை லட்சம் என்று அந்தத் தொலைக்காட்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.